இடி மட்டும்

நகர நடுவில் இருக்கும் பெரிய உணவகத்தில்
அரை மணிக்கொரு தரம் மழை பெய்யும்.
கண்ணாடிக்கு அப்பால் மூங்கில் நனையும்,
மின்னல் வெட்டும், இடி உருளும்.
கோட்டும் டையுமாக வந்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டு,
கடலுக்கு ஆயிரம் மைல் தள்ளிய ஒமாஹாவில்
ஒரு தீவு நனைவதைப் பார்ப்பார்கள்.

அங்கே பதினோரு வருடம் நான்.
மேசை கிடைக்க மூன்று வாரம் ஆகும்.
எரியும் தட்டை
முகம் சுளிக்காமல் குனிந்து வைக்க
எனக்குத் தனிப் பயிற்சி.

ஒரு நாள் முதலாளி ஸ்டென்ஸ்ருட்
நாப்கினில் மூன்று கட்டம் வரைந்தார்.
"சின்னதாக மூன்று, நெல்டா.
தொப்பியோடு வரட்டும். குழந்தையோடு வரட்டும்.
பதினைந்து டாலரில் வயிறு நிறையட்டும்."
கட்டங்களுக்குள் எதுவும் எழுதவில்லை.
அது என் வேலை.

முதல் கிளை பாப்பிலியனில்.
இந்தப் பக்கம் டயர் கடை, அந்தப் பக்கம் பல் டாக்டர்.
கூரை எட்டரை அடி.
கிடங்கில் கிடந்த மரச்சிலை பன்னிரண்டு.
செதுக்கிய லோப்பெட்டியே வந்தான்,
டோங்காவில் பிறந்து சால்ட் லேக்கில் வளர்ந்தவன்.
"இடுப்புவரை போதுமா?" என்றான்.
"சாமி குற்றம் ஆகிவிடாதே?"
"எங்கள் சாமி ஞாயிறு காலை பத்துக்கு, சர்ச்சில்.
இது ஹாலிவுட்டில் யாரோ கண்ட கனவு.
வெட்டினால் வலிக்காது."
ஆனாலும் ரம்பத்தை எடுக்குமுன்
அதன் நெற்றியில் ஒரு தரம் தட்டிக்கொடுத்தான்.

பதினெட்டுப் பக்க மெனு ஓர் அட்டைக்குள் அடங்கியது.
புட்டிகளுக்குப் பெயர் ஒட்டாமல் எண் மட்டும் ஒட்டி,
கலவையை மனைவிக்கும் சொல்லாத ப்ரிமிட்டிவோ
இப்போது கேனில் கலந்து அனுப்புகிறார்.
"ஐந்தாம் எண்ணை விட்டுவிட்டேன்," என்றார் போனில்.
"காகிதக் கோப்பைக்கு ஐந்தாம் எண் எதற்கு?"
குடித்துப் பார்த்தேன்.
குறை தெரிந்தது.
வேறு யாருக்கும் தெரியவில்லை.

மழை?
மழைக்கு வடிகால் வேண்டும், தடித்த கண்ணாடி வேண்டும்,
காப்பீட்டுக்காரனின் கையெழுத்து வேண்டும்.
ஸ்டென்ஸ்ருட் கணக்கைப் பார்த்தார்.
"இடி மட்டும் போதும்."
நாற்பது டாலரில் ஒரு ஸ்பீக்கர் வந்தது.

அந்த ஜூலையில் வானம் பொய்த்தது.
நாற்பத்தொரு நாள்.
சோள இலைகள் சுருட்டுப்போலச் சுருண்டன.
வியாழன்தோறும் வருகிறவர் வெர்னன் ஹ்ரூஷ்கா,
தலையில் விதைக் கம்பெனித் தொப்பி,
எதிரே மனைவி ஆர்லிஸ்,
நடுவில் அன்னாசி போட்ட பன்றிக்கறி சாண்ட்விச்.

முதல் வியாழன் இடி உருண்டது.
எழுந்துவிட்டார்.
மடியில் இருந்த நாப்கின் விழுந்தது,
ஜன்னலுக்குப் போய் நின்றார்.
டயர் கடை வாசலில் வெயில்
வெள்ளை வெளேரென்று கிடந்தது.
இன்னும் இரண்டு மேசையிலும் தலைகள் திரும்பியிருந்தன.
யாரும் சிரிக்கவில்லை.

"நல்ல சத்தம்," என்று சொல்லி உட்கார்ந்தார்.
அடுத்த அரை மணியில் மறுபடி உருண்டபோது
அவர் எழவில்லை.
முழங்கால் மட்டும் பாதி எழுந்தது.

அன்றிரவு ஒயரைப் பிடுங்கினேன்.
பழுது என்று தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன்.
பெரிய உணவகத்தில் நின்ற பதினோரு வருடத்தில்
இடியைக் கேட்டு ஒருவர்கூட
வெளியே பார்த்ததில்லை.

மூன்றாம் வியாழன் ஹ்ரூஷ்கா கேட்டார்:
"இடிக்கு என்ன ஆச்சு?"
உளறினேன்.
"போடம்மா," என்றார். "காதிலாவது விழட்டும்."
போட்டேன்.

ஆகஸ்ட் ஒன்பது, மாலை ஆறு பத்து.
தட்டில் முள்கரண்டி அதிர்கிற மாதிரி ஓர் இடி.
ஒருவரும் அசையவில்லை.
குழந்தைகள் வறுவலைத் தொட்டுத் தின்றன,
ஹ்ரூஷ்கா சாண்ட்விச்சை மென்றபடி
சாஸ் புட்டியைக் குலுக்கினார்.

ஆர்லிஸ் மட்டும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.
தன் கைக்கடிகாரத்தையும் பார்த்தார்.
"வெர்ன்," என்றார்,
"அரைக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கே."